பன்னிரண்டு வோல்ட்

மூக்கையூரில் கரண்ட் போய் மூன்றாம் நாள்.
சீமைக்கருவேலத்தின் மேல் கம்பங்கள்
சாய்ந்து கிடக்கின்றன, ஷிஃப்ட் முடிந்தவை போல.
என் மடிக்கணினியில் ஒன்பது சதவீதம்.
சேதமான படகுகளின் பட்டியல்
காலை பத்துக்குள் ராமநாதபுரம் போய்ச் சேர வேண்டும்.
சேராவிட்டால் அந்தப் படகுகள்
உடையவே இல்லை.

நாகூர்கனியின் சுமோ கோயிலுக்குப் பின்னால் நின்றது.
சிகரெட் பற்றவைக்கும் துளைக்குள்
அவர் மகள் என்றைக்கோ திணித்த புளியங்கொட்டை.
என் கொண்டை ஊசியால் நெம்பி எடுத்தோம்.
"ஒரு பீடிகூட இதுல பத்தவச்சதில்ல" என்றார்,
துளைக்காக மன்னிப்புக் கேட்பவரைப் போல.

மைக்செட் ராயப்பனிடம் வாங்கி வந்த இன்வெர்ட்டர்.
சொருகியதும் உள்ளே எங்கோ ஒரு டிக்.
ஃப்யூஸ் போயிற்று.
ஹாரனுடையதைப் பிடுங்கி இதில் வைத்தார்.
பச்சை விளக்கு.
தீப்பெட்டிக்குள் அடைத்த பொன்வண்டாய்
இரைகிறது குட்டி விசிறி.

என்ஜினை ஓடவிட முடியாது. டீசல் முள் சிவப்பில்.
சாயல்குடி பங்கிலும் டீசல் ஏற
கரண்ட்தான் வேண்டும்.
பேட்டரிக்கோ நாலு வயது.
கதவு திறந்தால் எரியும் பல்பைக்கூடக் கழற்றிச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பின்சீட்டில் நான்.
ஜன்னலில் வரிசையாய்க் குனிகின்றன முகங்கள்,
திரையின் நீலம் பட்டு.
சூசைரெத்தினம், ஃபைபர், நடுவில் பிளந்தது.
தொம்மை, வள்ளம், காணவில்லை.
அந்திரேயா பெண்சாதி பிரகாசி, மோட்டார் மட்டும் மிச்சம்.
"படகு பேரு போடலியா?"
அப்படி ஒரு கட்டமே இல்லை, அக்கா.
இருந்தாலும் சொன்னாள்.
குறிப்பு என்ற கட்டத்தில் அடித்துவைத்தேன்.

நாற்பத்தேழாவது வரியில்
இன்வெர்ட்டர் கீச்சிட்டு அணைந்தது.
முப்பத்தெட்டு சதவீதம். போதும்.
இனி சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போகவேண்டும்.
சாவியைத் திருப்பினார்.
டக்.
இன்னொரு முறை. அந்த டக்கும் இல்லை.

எங்கள் மூவரையும் பார்த்தது வரிசை:
வண்டி, அவர், நான்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
பின்பக்கமாய் நகர்ந்தது.
ஏழாம் எண் இடது மூலையில்.
பதினொன்றும் பன்னிரண்டும், ஐந்து வருடமாய்
பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி,
ஒரே பம்பரில் தோள்.
பிரகாசி சேலையை ஏற்றிச் செருகி ஸ்டெப்னியைப் பிடித்தாள்.
படகு இறக்கும்போது போடும் சத்தத்தையே போட்டார்கள்.
பாரத்துக்கு அவர்களிடம் வேறு சத்தம் இல்லை.
மணல் கொஞ்சம் யோசித்தது.
பிறகு விட்டது.

இரண்டாவது கியரில் இருமிப் பிடித்தது என்ஜின்.
நிறுத்தினால் போச்சு என்று
கையசைக்கக்கூட நிறுத்தவில்லை நாகூர்கனி.
கண்ணாடியில் நாற்பத்தேழு பேரும்
முழங்காலைப் பிடித்து மூச்சு வாங்கினார்கள்.
மடியில் அதே நாற்பத்தேழு,
மூச்சு வாங்காமல்.

கிழக்குக் கடற்கரைச் சாலை ஏறும் இடத்தில்
நடு ரோட்டில் ஓர் ஆடு.
ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி
நாகூர்கனி
ஹாரன் ஆனார்.