இருநூற்றுப் பதினொன்று

நாற்பது கிலோ நார்த்தங்காய்க்குப் பத்து கிராம்.
அடகுக்கடை மூடியபோது முதலாளி மலிவாக வாங்கிவந்த
நகைத் தராசில்தான் நிறுக்கிறேன்.
முன்பு இதே தட்டில்
என் கம்மல் இரண்டே முக்கால் காட்டியது.
இப்போது வெள்ளைப் பொடி.
காற்றாடியை நிறுத்திவிட்டுத்தான் தட்டைத் தொடுவேன்.
டப்பாவில் நீளமாய் ஒரு பெயர் உண்டு,
நாங்கள் எண்ணைத்தான் சொல்வது.

கூத்தாநல்லூரில் நான் இறுக்கும் மூடியை
ஷார்ஜாவில் ஒருவன் திறக்க ஐந்து மாதம் ஆகும்.
அதுவரை பூஞ்சை வரக்கூடாது.

"மைமூன், வெயில் காலம்,
கண்டெய்னர் துறைமுகத்திலேயே கிடக்கும்.
இன்னும் ரெண்டு சிட்டிகை" என்பார் முதலாளி.
சிட்டிகை என்று ஒரு எடை இதில் இல்லை என்பேன்.
சிரித்துவிட்டுப் போவார்.
சிரிக்காமலும் போயிருக்கிறார்.

ஒரேயொரு முறை மறந்தேன்,
கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு நாளில்.
மூன்றாம் வாரம் வடுவூர்க் கடையிலிருந்து
அறுபது பாட்டில் திரும்பிவந்தன,
மூடிகள் வயிறு உப்பி,
உள்ளே வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து.
வெண்ணாற்றுப் படுகையில் குழிவெட்டிக் கொட்டினோம்.
இரண்டு வருஷம் அங்கே கோரைகூட முளைக்கவில்லை,
அது உப்பு செய்த வேலை.
என் சம்பளத்தில் நானூறு குறைந்தது.
யாராவது விஷம், கிஷம் என்று பேசவந்தால்
அந்தக் குழியின் வாடையைத்தான் முதலில் சொல்வேன்.

ஆனாலும் இந்த வேலைக்கு வந்தபின்
எழுத்து எங்கே பொடியாக இருந்தாலும் கண் அங்கே போகிறது.
சஹீலின் இருமல் மருந்தில் அந்தப் பெயர்.
வெள்ளிக்கிழமை அவன் அடம்பிடிக்கும் ஆரஞ்சு சோடாவில் அந்த எண்.
பள்ளிக்கூட டப்பாவில், தயிர்ச்சோற்று ஓரமாய்,
நானே வைத்த ஊறுகாய்.
என் முகக் கிரீமில் அதன் பங்காளிகள்,
வாயில் நுழையாத பேர்களோடு.
ஒவ்வொன்றும் அளவுக்குள்தான்.
மருந்துக்கு ஒரு இலாகா, மிட்டாய்க்கு ஒரு இலாகா.
ஒன்பது வயதுப் பிள்ளைக்குள்
மொத்தம் எவ்வளவு என்று நிறுக்க
எந்தக் கடையிலும் தட்டு இல்லை.

நேற்று ராத்திரி
என் நகக்கண்ணில் ஒட்டியிருந்ததைத் தொட்டு
நாக்கில் வைத்துவிட்டான்.
நான் கத்துவதற்குள்,
"இனிக்குது உம்மா" என்றான்.

அவன் தூங்கியபின்
நானும் வைத்துப் பார்த்தேன்.
கசந்தது.