ஐஸ்பெட்டியில் ஒரு பட்டா

சேர்வராயன் மலையில் மூன்று நாள் மழை.
பெயரில் மட்டும் ஆறாக இருந்த திருமணிமுத்தாறு
இரவு இரண்டேகாலுக்கு
என் ஜெராக்ஸ் கடை ஷட்டரைத் தட்டி
தான் யாரென்று சொன்னது.

விடிந்தபோது முழங்கால் சேறு.
இரண்டு மிஷினும் மல்லாந்து கிடந்தன.
அதற்கு அழவில்லை.
மிஷின் கடன் எப்படியும் அழவைக்கும்,
நாள் இருக்கிறது.

தெரு மொத்தமும்
நனைந்த தாள்களை ஏந்திக்கொண்டு
என்னிடம் வந்து நின்றதே, அதற்குத்தான்.
கிச்சிப்பாளையத்தில் பல்லுக்கு ஒன்றென்றால் பல் டாக்டர்,
தாளுக்கு ஒன்றென்றால் நான்.

செங்கோடனின் பட்டா.
மும்தாஜுக்கு ஆறு வருடம் அலைந்து கிடைத்த
விவாகரத்துத் தீர்ப்பு.
பிரிசில்லாவின் நர்சிங் மதிப்பெண் பட்டியல்.
யாருடையதோ ஒரு பத்திரம்,
பெயர் இருந்த இடத்தில் நீலக் குளம்.

வெயில் வந்ததும் காயப்போடலாம் என்றார்கள்.
எனக்கும் அதற்குமேல் தெரியாது.
போனில் ஒன்பது சதவீதம்.
மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்றால்
இரண்டு கோடு சிக்னல்.

வெள்ளத்தில் நனைந்த பத்திரம் என்று தேடினேன்.
முதலில் வந்தார் ஒரு வக்கீல்.
அடுத்து ஒரு ஜோசியர்.
மூன்றாவதாக ஒரு பெண்ணின் கைகள்.
எந்த ஊரோ, புரியாத மொழி.
நல்ல தண்ணீரில் சேற்றை அலசின கைகள்.
ஒட்டிய தாளைப் பிரிக்காதே என்று ஆடிற்று ஒரு விரல்.
மெழுகுத்தாளில் சுற்றி
ஃபிரீசரைத் திறந்து
கறிப் பொட்டலம்போல் உள்ளே வைத்து மூடினாள்.
போன் அணைந்தது.

பைத்தியக்காரி என்று நினைத்தேன்.
மாலையில் இரவல் சார்ஜரில்
கோட்டயத்துக்காரர் ஒருவர், தன் வெள்ளத்தைத் தாண்டியவர்,
முன்பின் அறியாத எனக்குக் குரல் அனுப்பினார்:
"குளிர்ல இருந்தா பூசணம் பிடிக்காது சேச்சி.
அப்புறம் ஒண்ணொண்ணா எடுத்துக் காய வைக்கலாம்.
நேரம் கிடைக்கும். அவ்வளவுதான்."

நேரத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் நாங்கள்.

குல்ஃபி பக்ருதீனிடம் ஜெனரேட்டர் இருந்தது.
ஒரு வாரம் வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்றார்.
கணக்குப் பார்த்துவிட்டு நான்கு நாள் என்றார்.
மீன்கடை லூர்துவும் தன் பெட்டியைக் காலி செய்தான்.
நாறுமேடா என்றதற்கு,
பத்திரத்துக்கு மூக்கு ஏது?

ஐந்தாம் நாள் கரன்ட் வந்தது.
விசைத்தறிக் கொட்டகையில் பாவுநூல் இழுத்துக் கட்டி
ஒவ்வொரு தாளாகத் தொங்கவிட்டோம்.
மின்விசிறிக் காற்றில்
தெருவின் நிலமும் படிப்பும் வழக்கும்
மெல்ல ஆடின.
அழிந்த பெயர்களைப் படமெடுத்துக் குழுவில் போட்டால்
யாராவது பதில் போடுவார்கள்:
அந்தக் கோணல் கையெழுத்து எங்கப்பனோடது,
குடிச்சுட்டுத்தான் போட்டான், எடுத்து வைங்க.

பிழைக்காதவை லேமினேஷன் செய்தவை.
ஓரத்தில் நுழைந்த நீருக்கு
வெளியே வர வழியில்லை.
பிளாஸ்டிக்குக்குள் ஒரு மழைக்காலம்.
முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டு
இனி கவலையே வேண்டாம் என்று
நானே ஒட்டித் தந்தவை.

கந்தாயியிடம் இருந்தது ஒரே படம்.
ஏற்காடு ஏரிப் படகில் அவளும் அவரும்.
இப்போது இருவரும் ஒரே மஞ்சள் கறை.
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
விடு சாமி, என்றாள்,
படகு தெரியுதில்ல.

இன்றும் லேமினேஷன் கேட்கிறார்கள், செய்கிறேன்.
கவலை வேண்டாம் என்று மட்டும்
சொல்வதில்லை.
முதலில் போனில் ஒரு படம் எடுத்துக்கச் சொல்வேன்.
பக்ருதீனின் குல்ஃபியில்
இன்னும் ஸ்டாம்பு மை ருசிக்கிறது என்கிறான் லூர்து.
மீனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்வதில்லை.

அந்தப் பெண்ணை மறுபடி தேடினேன்.
வக்கீல் வந்தார், ஜோசியர் வந்தார்.
வலது மணிக்கட்டில் பழைய தீக்காயம்,
அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த அவள்.
டவுன் பஸ்ஸில்
கம்பியைப் பிடித்திருக்கும் கைகளை
ஒருமுறை பார்த்துவிடுகிறேன்,
வாய்ப்பே இல்லை என்று தெரிந்தும்.