காரணம்: மற்றவை

ரோலாவில் மூன்று டைப்பிங் சென்டர் இருந்த சந்தில்
இப்போது இரண்டு பர்தா கடை, ஒரு சலூன்.
நாங்கள் மாடிக்குப் போனோம், பெயர்ப்பலகை இல்லாமல்.
ஆள் வருவதில்லை. பாஸ்போர்ட்டின் படம் வருகிறது.
மிஷின் வாசித்து அரபியில் பெயர் எழுதிவிடும்.
சரியா என்று பார்க்க நான்.
பெயருக்குப் பதினொரு விநாடி.

பத்தொன்பது வருஷம்
வலமிருந்து இடமாக ஆட்களைத் திருப்பி எழுதினேன்.
ழ இல்லை. எழிலரசி லாம் வாங்கிக்கொண்டு போனாள்.
ஞ இல்லை. ஞானதிரவியத்தின் மூத்த மகனுக்கு
நூனும் யாவும் சேர்த்து ஒட்டுப்போட்டேன்.
பக்கத்துக் கடையில் இளையவனுக்கு
இங்கிலீஷைப் பார்த்து கைன் போட்டார்கள்.
ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு தகப்பனோடு
ஆஸ்பத்திரியில் கையெழுத்துக்கு அலைந்தார்கள்.

முத்துவில்தான் வம்பு.
மீம், வாவ், தே. அங்கே நிறுத்தினால் மவுத்து.
இன்னொரு வாவ் சேர்த்தால்
செத்துப்போங்கள் என்று காதில் விழும்.
சுடலைமுத்து, பேச்சிமுத்து, வீரமுத்து,
முப்பதாம் மாடிச் சாரத்தில் நிற்கப்போகிற கழுத்தில்
அந்த அட்டை தொங்க
எனக்கு மனசு வரவில்லை.
தே-யை எடுத்துவிட்டு தோ அடித்தேன்,
மதரஸாவில் வாயை நிறைத்துச் சொல்லச் சொன்ன எழுத்து.
வாசிக்கிறவனுக்கு அர்த்தமே இருக்காது.
அதுதான் வேண்டும்.
யாரிடமும் சொன்னதில்லை.
பத்துத் திர்ஹம் வேலையில் சொல்ல என்ன இருக்கிறது.

மிஷினைப் பழக்கியது எங்கள் பழைய ஃபாரங்களில்.
முதல் வாரமே ஒரு முத்து வந்தது.
தோ.
எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.
பெருமைப்பட்டுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால்
அடுத்தவர் கந்தசாமி, சீனுக்குப் பதில் ஸாத்.
அது ஒரு நோன்பு மத்தியானம்
பசியில் நான் விட்ட பிழை,
திருத்தச் சோம்பி வருஷக்கணக்கில் விட்டது.
இரண்டையும் ஒரே மாதிரி எழுதியிருந்தது,
துளி தயக்கமில்லாமல்.

அப்டேட் என்றால் என்ன தெரியுமா என்றாள் ரோவினா,
அடுத்த மேஜை, மணிலாக்காரி.
ஆள் குறைவது. சம்பளம் அல்ல, அது தானாகக் குறையும்.
சிரித்தோம். அவளுக்கு இந்த மாதத்தோடு முடிகிறது.

நேற்று ராத்திரி வந்தது அப்டேட்.
காலையில் திரையில் மஞ்சள் பெட்டி:
ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்து. ஒழுங்கின்மை.
4,112 பெயர்களில் தோ நீக்கி தே இடலாமா?
ஆம், பச்சையில், கட்டைவிரல் அகலத்தில்.
இல்லை, சாம்பலில்.

நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர்.
பாதிப்பேர் ஊருக்குப் போயிருப்பார்கள்.
வீரமுத்துவும் போனான்,
கார்கோவில், ஒரு வியாழக்கிழமை.
அவனுக்கான காகிதத்தையும் நான்தான் அடித்தேன்.
அந்தத் தாளில் மவுத்து என்ற சொல்
அதற்குரிய கட்டத்தில் மட்டும் இருந்தது.
பெயரில் இல்லை.
இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால்
பதில் கிடையாது.

இல்லை.

காரணம் தேர்வு செய்க:
எழுத்துப்பிழை. இரட்டைப் பதிவு. படம் தெளிவில்லை. மற்றவை.

மற்றவை.

நாற்பது எழுத்துக்குள் விளக்குக.
விநாடி ஓடுகிறது. ஆறு. ஐந்து.
இந்தக் கடலில் மூச்சடக்கி மூழ்கி
எதை எடுத்து விற்று இந்த ஊர்கள் பிழைத்தனவோ
அந்தச் சொல் இவர்களிடமும் இருக்கிறது.
அரபியில் அடித்தேன்:
தமிழில் இது லுஃலுஃ.

யார் வாசிப்பார்கள், தெரியாது.
அடுத்த படம் வந்துவிட்டது.
திலகவதி. வயது இருபத்தாறு. சரி.