நூற்று நாற்பது

படிவத்தின் ஏழாம் பக்கத்தில் ஒரு கட்டம்:
உங்கள் வேலையைப் பகுத்து எழுதுக,
மொத்தம் நூறு சதவீதம் வர வேண்டும்.

டண்டீயிலிருந்து ஊனா கெடிஸ் எழுதியிருந்தாள்,
மல்லாந்து படுத்து எழுதியவளின்
மேலேறிப் போகும் வரிகளில்:

கணக்கு, கடிதம் – நாற்பது.
தொலைபேசி – முப்பது.
வேன் ஓட்டுவது – இருபத்தைந்து.
கட்டில், சோபா, சலவை இயந்திரம்
மாடி ஏற்றுவது – முப்பது.
புதிதாய்ச் சாவி கிடைத்து
வெறும் அறையில் நிற்பவரோடு
சற்று நேரம் நிற்பது – பதினைந்து.

இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.

நான் எடின்பரோவில், நான்காம் மாடியில்,
நல்ல நாற்காலியில் இருக்கிறேன்.
என் கோப்பில் அவள் அலுவலக உதவியாளர்.
அவளுடைய தொண்டு நிறுவனம் தந்த பெயர்;
அந்தப் பெயருக்குப் பிரீமியம் குறைவு.
சோபா தூக்குகிறவர்களுக்கு வேறு விலை.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் சிக்கியிருக்கிறது சோபா.
மேல்முனையில் லாக்லன், தன்னார்வலர்,
எழுபத்தோரு வயது.
விட்டுவிடவா என்றாராம்.
வேண்டாம் என்றாளாம்.
முதுகெலும்பில் இரண்டு தட்டுகள்.

பதின்மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.
நான்கு வாரம் சம்பளம் வந்தது.
பிறகு அரசு விதித்த நோய்க்காலப் பணம்;
வாடகை போக, மீட்டருக்குப் போட மிஞ்சாது.
இவையெல்லாம் படிவத்தில் கேட்கப்படவில்லை.
ஓரத்தில் எழுதியிருந்தாள்.

நூறைத் தாண்டினால் எங்கள் கணினி ஏற்காது.
திருப்பி அனுப்பினேன்.
நான்காம் நாள் வந்தது,
ஒரே ஒரு வரி அடிக்கப்பட்டு:
கணக்கு, கடிதம்.
பக்கத்தில் பொடியெழுத்தில்,
'இதை இப்போதும் செய்கிறேன், தரையில் படுத்து.
சம்பளம் கேட்கவில்லை.'

அடப் பாவமே,
உண்மையை எங்கே சொல்லக் கூடாதோ
சரியாக அங்கே சொல்லியிருக்கிறாள்.
பாலிசியின்படி அவள் பதவியே அந்த ஒரு வரிதான்.

நிறுவனத்துக்குத் தொலைபேசினேன்.
இப்போது சோபா யார் தூக்குகிறார்கள்?
யாருமில்லை, என்றார் இயக்குநர்.
பதினேழு குடும்பம் கம்பளத்தில் தூங்குகிறது.

தன் சொந்த வேலையைச் செய்ய இயலுமா?
'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டேன்.
காரணம்: அவளே எழுதிய பட்டியல்.
மேலாளர் இன்னும் கையெழுத்திடவில்லை.
இட்டால் அவளுக்குச் சம்பளத்தில் அறுபது சதவீதம்,
நூற்று நாற்பதுக்கு.

தொலைபேசியை வைக்குமுன் இயக்குநர் தயங்கினார்:
சனிக்கிழமை உங்களுக்கு ஓய்வா?
வேன் ஓட்ட வருமா?

வரும்.
முதுகும் நன்றாகத்தான் இருக்கிறது.
பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.