பாதி வணக்கம்

மூன்று பதினேழுக்கு ரவுட்டர் செத்தது.
நான்கு நிமிடத்தில் பிழைத்தது.
நான் காப்பிக் கோப்பையை வாயருகே கொண்டுபோவதற்குள்
மறுபடியும் செத்தது.

புந்தா அரேனாஸ். ஜூலை.
காற்று வீசும் பக்கமே சாய்ந்து
மரங்கள் வளரும் ஊர்.
நான் நெலிதா சிகுவாய், இரவுப் பணி.
மற்ற நாளாக இருந்தால் இந்த நேரத்தில்
காலுறை பின்னிக்கொண்டிருப்பேன்.

ஜலசந்திக்கு அக்கரையில் போர்வெனீர்.
எட்டுக் கட்டில் மருத்துவமனை.
மருத்துவர் இக்கரையில்.
நடுவில் நீரையும் பனியையும் தாண்டி
மறையாக்கிய ஒரு சுரங்கம்.
இன்னும் பிறக்காத ஒருவரின் இதயம்
அதன் வழியே கோடாக வந்துகொண்டிருந்தது,
மூன்று பதினேழு வரை.

சுரங்கம் எழ, முதலில்
ஒரு பெட்டி வணக்கம் சொல்ல வேண்டும்.
மறு பெட்டி உடனே
நினைவுக்குள் ஒரு நாற்காலி இழுத்துப் போடும்.
பெரும் பெரும் எண்களைப் பெருக்கிப் பதில் எழுதும்.
சாவி மாற்றிக்கொள்ள வருவார் என்று
வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருக்கும்.
நல்ல வளர்ப்பு.
ஓட்டையும் அங்கேதான்.

லாக்கைத் திறந்தேன்.
ஐநூறாம் கதவில்
நொடிக்கு நாற்பதாயிரம் வணக்கம்.
ஒருவரும் உள்ளே வரவில்லை.
எங்கள் பதில்கள்
போலி முகவரிகளைத் தேடிப் போய்
யார் யார் வீட்டையோ தட்டி
அநாதையாகிக்கொண்டிருந்தன.

பூட்டை உடைக்கவில்லை.
சாவியைத் தொடவில்லை.
ஓர் எழுத்தைக்கூடப் படிக்கவில்லை.
நாற்காலி தீர்ந்துபோனது, அவ்வளவுதான்.
வராதவனுக்குப் போட்ட நாற்காலியைத்
திரும்ப எடுத்துவைக்க
எழுதியவர் மறந்திருந்தார்.
திருத்தம் வந்து ஐந்து வாரம்.
“குளிர் போகட்டும், போடலாம்.”
அந்தக் குறிப்பின் கீழே இருப்பது
என் கையெழுத்து.

தொலைபேசியும் இதே பெட்டி வழிதான்.
மருத்துவர் ஃப்ரெசியா
செருப்பில்லாமல் ஓடி வந்தார்.
“கோடு எங்கே?”

கோடு இல்லை. ஆனால்
மூலையில் கிடந்த கடல் ரேடியோ கரகரத்தது.
அக்கரையில், ஆம்புலன்ஸுக்குள் குந்தியபடி
பேறுகாலம் பார்க்கும் ஒவிதியோ மன்சீயா
எண்களை வாசிக்கத் தொடங்கியிருந்தார்.
நூற்று முப்பத்தெட்டு.
நூற்று நாற்பது.
வலி வருகிறது. நூற்றுப் பத்து.

மறையும் இல்லை, சாவியும் இல்லை.
ஜலசந்தி முழுதும் கேட்கலாம்.
அது நண்டுப் படகுகளின் அலைவரிசை.
விலை, வசவு, போன ஞாயிறின் பெனால்ட்டி எனப்
பொழுதெல்லாம் இரைகிற இடம்.
ஒரே ஒருவன் பழக்கத்தில் ஆரம்பித்தான்:
“புவெனஸ் நொ—”
எண் காதில் விழுந்திருக்க வேண்டும்.
பாதியிலேயே விரலை எடுத்துக்கொண்டான்.
பிறகு யாரும் இல்லை.
பதினோரு படகு, அவ்வளவு கடல்,
ஓர் இருமல்கூட இல்லை.

நூற்றுப் பதினெட்டு.
“இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லுங்கள்.”
நூற்று இருபத்தாறு.

நான் தட்டச்சுகிறேன், விரல் விறைக்கிறது.
வணக்கம் சொன்னவனிடம் முதலில் ஒரு வில்லை கொடு.
அதைத் திருப்பிக் கொண்டுவந்தால் நாற்காலி.
அதுவரை
ஒருவனையும் நினைவில் வைக்காதே.
இத்தனை சின்ன கட்டளை.
அதை எழுத எனக்கு நாற்பது நிமிடம்;
அதில் முப்பது
பெட்டி பிழைத்திருக்கும் நொடிகளுக்காகக் காத்திருந்தது.

மூன்று ஐம்பத்தெட்டு.
சுரங்கம் எழுந்தது.
வணக்கங்கள் இன்னும் வந்து மோதுகின்றன,
மழை ஓட்டில் மோதுவதைப்போல.
திரையில் கோடு நெளிய,
அரை நொடி முந்தி ரேடியோவும் அதையே சொன்னது:
நூற்று நாற்பத்திரண்டு.
ஃப்ரெசியா திரையைப் பார்க்கவில்லை.
ரேடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

படிவம் நிரப்பினேன்.
சேவை முடக்கம்: நாற்பத்தொரு நிமிடம்.
தரவு இழப்பு: இல்லை.
காரணம் என்ற கட்டத்தில்
என் பெயர் எழுதும் அளவுக்கு இடம் இருந்தது.

ஐந்தரைக்கு ரேடியோ மெல்லக் கனைத்தது.
அதே பாதி வணக்கக்காரன்.
இம்முறை வணக்கத்தை விட்டுவிட்டு
நேராகக் கேட்டான்: “பையனா, பொண்ணா?”

பதில் இல்லை.
ஒவிதியோவுக்கு
இரண்டு கையிலும் வேலை.