முடிவுத் திகதி

தொழில் திணைக்களத்துக் கடிதம் வந்த கிழமையில் தொடங்கியது.
ஈ.பி.எஃப். பிந்திக் கட்டியதற்குத் தண்டப்பணம்.
இனி நீ எழுதாதே என்றார் வீட்டுக்காரர்,
ஆரிடமாவது கொடு.

ஒன்பது பேருக்குச் சம்பளம் போட
மூன்று இடத்தில் விலை கேட்டேன்.

ஓட்டமாவடி நஜிமுத்தீன் சேர்
மாதம் மூவாயிரம். நல்ல மனிசன்.
ஆனால் வாழைச்சேனைத் துறைமுகத்தடியில்
மற்ற ஐஸ் ஆலைக்கும் அவர்தான் கணக்கு.
என் ஆட்களின் சம்பளம்
என் ஆட்களுக்கு முன்னமே
அங்கே உருகி ஓடிவிடும்.

அடுத்தது போனுக்குள் இருக்கிற ஒன்று.
மலிவு. தமிழைத் தொட்டால் கட்டம் கட்டமாய் வரும்.
கிருபைராசாவைப்
பத்துச் சதுரமாக்கிக் காட்டியது.

மூன்றாவது கொழும்புக் கம்பெனி.
தலைக்கு நானூற்றைம்பது.
ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப்., சீ படிவம்
எல்லாம் அவர்களே கட்டி, ரசீதும் அனுப்புவார்களாம்.
'தலைக்கு' என்று சொன்ன விதம்
ஆட்டு யாவாரம் போல இருந்தது.
வேண்டாமென்று சொல்லத்தான் இருந்தேன்.

பேசியது தர்மினி என்றொரு பிள்ளை.
அவளுக்குப் பின்னால் ரயில் போனது.
"ஒரு மாதக் கணக்கை அனுப்புங்க அக்கா,
சும்மா போட்டுப் பார்ப்பம்."

சீ.ஆர். கொப்பியைப் படம் பிடித்தேன்.
அமோனியா மணக்கிற கொப்பி,
ஈரத்தில் பொதுமிய ஓரங்கள்.
'மாரி, போட் இல்லை, அரைச் சம்பளம்' என்று
சிவப்பில் எழுதிய பக்கங்களை
விட்டுவிட்டுத்தான் எடுத்தேன்.

இரவு எட்டரைக்கு அழைத்தாள்.
"கிருபைராசாவுக்கு முற்பணக் கழிவு
ஆயிரத்தைந்நூறு போட்டிருக்கீங்க.
முடியிற திகதி கேக்குது."

ஆர் கேக்கிறது?

"சிஸ்டம். அந்தக் கட்டத்தை விட்டுட்டு
அடுத்ததுக்குப் போக ஏலாது அக்கா."

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்தேன்.
மறுகா பழைய கொப்பிகளை இறக்கினேன்.
கூரைத் தகடு, முப்பதாயிரம், தை மாதம்.
அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும்
மேல் வரியைப் பார்த்துக் கீழ் வரி எழுதியிருக்கிறேன்,
முன்பள்ளிப் பிள்ளை போல,
அழகான கையெழுத்தில்.
இருபது மாதத்தில் முடிந்த கடனை
முப்பத்துநாலாம் மாதமும் வெட்டியிருக்கிறேன்.

இருபத்தோராயிரம்.
கல்குலேட்டரில் மூன்று தரம் அடித்தேன்.
அதற்கும் என்னில் இரக்கமில்லை.

காலையில், உமி மூடிய கட்டிகளுக்குப் பக்கத்தில்
உறையை நீட்டினேன்.
விசயத்தைச் சொன்னேன், பாதிதான் வாயில் வந்தது.
கிருபைராசா கொக்கியைக் கீழே வைக்காமலே வாங்கினான்.
எண்ணவில்லை.

"தெரியும் அக்கா."

எப்ப இருந்து?

"இந்தக் கச்சான் காத்துக்கு முன்னமே."

மறுகா ஏன் வாய் திறக்கல்ல நீ?

உப்புத்தண்ணித் தொட்டிக்கு மேலே
கேன் ஏறியது. சங்கிலி கிறீச்சிட்டது.
அது நின்ற பிறகு
"வட்டியெண்டு நினைச்சிட்டன்" என்றான்.

தெரியும் என்றதும் அவன்தான்.
இரண்டில் எது பொய் என்று
நான் கேட்கவில்லை.
கட்டியில் இருந்து புகை போல ஒன்று
இருவருக்கும் நடுவில் எழும்பிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்குத் தர்மினிக்கு எடுத்தேன்.
முடிவுத் திகதி, போன வருடம் ஆவணி.
"முடிஞ்சுபோன திகதியை எடுக்காது அக்கா."
அப்படியெண்டால் அந்த வரியையே அழி.
அழித்தாள்.
ஒரே ஒரு தட்டு. எனக்குக் கேட்டது.

வீட்டுக்காரர் கேட்கிறார்:
நஜிமுத்தீன் சேர் மூவாயிரத்துக்குச் செய்வாரே,
ஆயிரத்தைம்பது கூடக் குடுத்து என்னத்துக்கு?

சிவப்புப் பக்கங்களை
மேசையில் விரித்துப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.
மூன்று மாரி. ஒன்பது பேர்.
வெளிச்சம் போதவில்லை.

கொஞ்சம் டோர்ச் அடியுங்க, என்றேன் அவரிடம்.
இந்தப் பக்கமா.