இருபது கால்கள்

கோலக்கெட்டிலில் இராத்திரி ஷிப்ட் என்றால்
கைகளோடுதான் எனக்கு வேலை.
வெள்ளைப் பீங்கான் கைகள்,
மணிக்கட்டோடு நின்றுபோனவை,
சங்கிலியில் தலைகீழாய்த் தொங்கி
கித்தாப் பாலில் முங்கி எழுந்து
அணி பிசகாமல் சூளைக்குள் போகும்.
உரித்தெடுத்த உறையில்
ஊசித்துளை உண்டா, விரல் ஒட்டியதா
என்று பார்ப்பதற்குச் சம்பளம்.
பழுதென்றால் சிவப்புத் தொட்டி.

ஆ லெக்கின் பழைய சாமான் கடையில்
எடைக்கு வந்த புத்தகம் ஒன்று,
ஒரு வெள்ளி ஐம்பது காசு.
அட்டையைக் கரையான் தின்றிருந்தது.
உள்ளே பக்கத்துக்குப் பக்கம் பானை.
கொரிந்து என்று போட்டிருந்தது,
சர்ச்சில் நிருபம் வாசிக்கையில்
பாதித் தூக்கத்தில் கேட்கும் அதே ஊர்.
அங்கே எவனோ ஒருவன்
விரல் நீளத் தைலக்குடுவையில்
ஒரு போரையே ஏற்றி வைத்திருக்கிறான்.

விரல் நீளம்தான்.
கேடயத்தில் கேடயம் மோதுகிறது.
கறுப்புப் பூச்சை ஊசியால் கீறி
ஒன்றில் காளை, ஒன்றில் சேவல்,
ஒன்றில் நாக்குத் தள்ளிய பெண்முகம்.
இடையில் குழல் ஊதும் பையன்.
இரண்டு கையும் குழலில்,
குத்த வந்தால் தடுக்க மூன்றாவது கை இல்லை.
உள்ளே இருந்த தைலத்தைத் தேய்த்துக்கொண்டு
யாரோ குளித்திருப்பான்.
சாவை இவ்வளவு அழகாகவா வரைவது என்று
முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது.

மூன்று மணி ரேஹாட்டில்
தில் பகதூரிடம் காட்டினேன்.
அவன் தாத்தா வெள்ளைக்காரன் பட்டாளத்தில்
இத்தாலி வரைக்கும் போய்
ஒரு காலை அங்கேயே விட்டு வந்தவராம்.
அதனாலோ என்னவோ
அவன் காளையைப் பார்க்கவில்லை, சேவலைப் பார்க்கவில்லை.
கால்களை எண்ணினான்.

தலை ஒன்பது.
கால் இருபது.

குழல்காரப் பையனையும் சேர்த்து
மறுபடி எண்ணினோம். இருபதுதான்.
வரைந்தவனுக்குக் கை தவறியதா?
இல்லை, செத்த பிறகும் ஒருவன்
பழக்கத்தில் கூடவே நடக்கிறானா?
"பெர்மிட் இல்லாதவன், காக்கா" என்றான் தில் பகதூர்.
கோப்பி சிந்தச் சிந்தச் சிரித்தோம்.
பேக்கிங்கில் புதிதாய்ச் சேர்ந்த ரூபேல் மட்டும்
கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.
அவன் பாஸ்போர்ட் ஏஜெண்டிடம்;
ஏஜெண்ட் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை லாரிகள் வந்தன.
டார்ச் வெளிச்சம், பூட்ஸ், பேர்ப்பட்டியல்.
சங்கிலியை நிறுத்தச் சொன்னார்கள்.
ஆயிரம் பீங்கான் கைகள்
பால் சொட்டச் சொட்ட அப்படியே நின்றன.
பேக்கிங் ஆட்கள் யாரும் சொல்லாமலே
பெட்டி அடுக்குக்கு முன்னால் வந்து
தோளோடு தோள் நெருங்கி நின்றார்கள்.
அவர்கள் கால்களுக்கு இடையில்
அட்டைப்பெட்டிக்கு அடியில்
ஜப்பான் சிலிப்பர் ஒரு ஜோடி,
ஒரு வார் நீலம், ஒரு வார் சிவப்பு.
மூங்கிக்கொண்டிருந்த கால்விரல்கள்
ஒவ்வொன்றாய் மடங்குவதுகூடத் தெரிந்தது.

"பெராப்பா ஓராங்?"

பத்தொன்பது வருஷமாய்
ஊசித்துளை தேடிப் பழகிய கண் இது.
துவானுக்கு அந்தக் கண் இல்லை.

"செம்பிலான், துவான்."
ஒன்பது.

லாரிகள் வெறுமனே போகவில்லை.
கொதிகலன் பக்கம் இரண்டு பேர்,
ஹாஸ்டலில் நாலு பேர்.
அவர்களை நான் எண்ணவில்லை,
யாரும் என்னைக் கேட்கவுமில்லை.

மறுநாள் ரூபேல் அந்தப் படத்தைக் கேட்டான்.
ஈட்டிகளின் கீழே விரலை வைத்து
மெதுவாய் நகர்த்திக்கொண்டே வந்தான்.
தன்னுடையது எது என்று தேடுகிற மாதிரி.
"இவனுக்குச் செருப்பே இல்லையே, காக்கா"
என்று மட்டும் சொன்னான்.

பெருநாள் முடிந்து அவன் வரவில்லை.
தில் பகதூருக்கும் தெரியவில்லை.
பேக்கிங்கில் இப்போது
ஒன்பது தலை, பதினெட்டுக் கால்.
கணக்கு சரி.

எனக்கென்னவோ
அங்கேதான் ஏதோ பழுதாய்த் தெரிகிறது.